மூவாயிரம் மேற்கோள்

"எல்லாத்தையும் எரிச்சுட்டாங்க, மேடம்... ஒண்ணுகூட மிச்சமில்ல..."

ஃபோனில் அழுத குரலைக் கேட்டுச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள் இன்ஸ்பெக்டர்.

புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடம். பினாயில் வாடை. இடுப்பு உயரத்துக்கு ஓர் எவர்சில்வர் தொட்டி. மூடியைத் தூக்கியதும் சில்லென்று வெள்ளைப் புகை வழிந்தது. உள்ளே காலி.

"பிணம் எங்கே?"

"சாம்பலாயிடுச்சு." பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருபது வருஷமா உயிரோட வெச்சிருந்தேன். மார்புப் புற்றுநோய் செல்கள். சுண்டுவிரல் அளவு குப்பிகள்ல, உறைய வெச்சு..."

இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இதுக்கா சார் அப்படி அழுதீங்க?"

"சாதாரணமா சொல்றீங்களே. அதை வெச்சு எழுதின கட்டுரைதான் என்னை உலகத்துக்கே காட்டுச்சு. அடுத்த வாரம் நான்தான் இங்க இயக்குநர். அது பொறுக்காம..."

அவர் விரல் நீண்டது.

மூலையில் ஆராய்ச்சி மாணவி. முகத்தில் ரத்தமே இல்லை.

"இந்த அறைக் கதவையும், கழிவு எரிக்கிற அறைக் கதவையும் நேத்து திறந்தது இவ அடையாள அட்டைதான். கம்ப்யூட்டர்லயே இருக்கு."

பக்கத்து அறை. இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினாள்.

"அட்டை உன்னுதுதானேம்மா?"

"என்னுதுதான். ஆனா செல் வளர்க்கிற அறைக்குள்ள போறப்ப போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டைக் கழட்டி வெளியே மாட்டிட்டுத்தான் போவோம். அட்டை அதுலயே கிடக்கும். யார் வேணாலும் எடுக்கலாம்."

"பிடிபட்ட எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. சாருக்கும் உனக்கும் என்ன தகராறு?"

"அது மார்புப் புற்றுநோய் செல்லே இல்லன்னு எனக்குச் சந்தேகம். வேற செல் எப்பவோ கலந்து, பழசை அமுக்கிட்டு வளர்ந்திருக்கும். ஆராய்ச்சிக் கூடங்கள்ல நடக்கிற தப்புதான். ஒரு மரபணு சோதனை போதும், தெரிஞ்சிடும். நேத்து அனுமதி கேட்டேன். நாளைக்குப் பாக்கலாம்னார்."

"உனக்கென்ன அவ்வளவு அக்கறை?"

அவள் குரல் உடைந்தது.

"அந்தக் கட்டுரையை நம்பித்தான் மார்புப் புற்றுநோய்க்குப் புது மருந்து செஞ்சிருக்காங்க. அடுத்த மாசம் அதை முதல்ல போட்டுக்கப் போறவங்கள்ல எங்க அக்காவும் ஒருத்தி. அதுக்காக இப்ப சாப்பிடுற மருந்தை நிறுத்தப் போறா, மேடம்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து ஏமாந்த அனுபவம் இன்ஸ்பெக்டருக்கு நிறைய உண்டு.

சோதிக்கத் துடிப்பவள் எரிப்பாளா? அல்லது... அப்படி நினைக்க வைப்பதற்காகவே எரித்தாளா?

பேராசிரியர் அறை. சுவர் முழுக்கக் கேடயங்கள். மாணவி வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"சோதனைக்குப் பயந்து நீங்களே ஏன் எரிச்சிருக்கக் கூடாது, சார்?"

பேராசிரியர் சிரித்தார். கொஞ்ச நேரம் முன்பு அழுத கண்ணா இது?

"நல்ல கற்பனை. அந்தச் செல்லுல தப்புன்னு எதை வெச்சு நிரூபிப்பீங்க? ஒரு குப்பிகூட இல்லையே."

உண்மைதான். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து குரலை இறக்கினாள்.

"விடுங்க சார். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கட்டுரை அவ்வளவு பெரிசா?"

அவர் முகம் மலர்ந்தது. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

"மூவாயிரம் கட்டுரைல மேற்கோள் காட்டியிருக்காங்க! இந்தத் துறையில வேற யாருக்கு இருக்கு?"

"அடேயப்பா. எப்படி சார் அத்தனை பேர் காட்டினாங்க?"

"ஆரம்பத்துல கேட்டவங்களுக்கெல்லாம் செல்லைச் சும்மாவே அனுப்பி வெச்சேன். ஒரே நிபந்தனை. அதை வெச்சு என்ன எழுதினாலும் என் கட்டுரையை மேற்கோள்..."

நாக்கு பாதியில் நின்றது.

"யாருக்கும் தந்ததே இல்லன்னுதானே சார் எங்ககிட்ட சொன்னீங்க?" வாசலிலிருந்து மாணவி கேட்டாள்.

பேராசிரியர் தண்ணீரைத் தேடினார்.

இன்ஸ்பெக்டர் ஃபோனை எடுத்தாள். "மேற்கோள் காட்டினவங்க ஃப்ரீசர்ல அந்தச் செல் இன்னும் இருக்கான்னு ஒவ்வொருத்தரா கேக்கலாமாம்மா?"

மூன்று நாடுகள். மூன்று சோதனைகள். மூன்றிலும் ஒரே பதில்.

குடல் புற்றுநோய் செல்.

மாணவி ஃபோனைக் காதில் வைத்தாள். "அக்கா... பழைய மருந்தை நிறுத்திடாத. புதுசு வேணாம்... அழுகையா? இல்லக்கா, சளி."

முடிவுகளைப் பார்த்த பேராசிரியர் தொப்பென்று உட்கார்ந்தார். மாணவியின் கோட்டிலிருந்து அட்டையை எடுத்ததை ஒப்புக்கொண்டார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"குப்பிகளைத் தூக்கிட்டுப் போனது என் உதவியாளன். அவன் பேரையும் சேர்த்துக்கலாமே, மேடம்?"

"அவனை விசாரிச்சாச்சு. மருத்துவக் கழிவுன்னு நீங்க சொன்னதை நம்பித் தூக்கினவனையா?" விலங்கை எடுத்தபடி இன்ஸ்பெக்டர் சொன்னாள். "குற்றப்பத்திரிகையில உங்க பேர் ஒண்ணு போதும், சார். இது கட்டுரை இல்ல, இணை ஆசிரியர் சேர்க்க."