பிறக்காத பெரியப்பா

ஒத்தக்கடையில் கனகாவின் வீட்டு வாசலில் முத்துக்குமரன் பைக்கை நிறுத்தியபோது நல்ல வெயில். கதவில் அவன் மாட்டிய புதுப்பூட்டு. கிளார்க் வேலை பார்த்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கனகா எழுப்பிய வீடு அது. மகள் பிரசவத்துக்காக அவள் கோயம்புத்தூர் போன நேரம் பார்த்து, வீட்டுப் புரோக்கரான இவன் கைவரிசையைக் காட்டிவிட்டான்.

செய்த காரியத்தைக் கேட்டாலே குமட்டும். சுடலை என்று இல்லாத ஒரு பெரியப்பாவை உண்டாக்கினான். மனை அவருடையது, அதை இவனுக்கு உயில் எழுதிவைத்துவிட்டு அவர் செத்துப்போனார் என்று பத்திரம் ஜோடித்தான். தன் கைரேகையை வைத்தால் மாட்டிக்கொள்வோமென்று, கால் பெருவிரலில் மை தடவி உயிலில் அழுத்தினான். இறப்புச் சான்றிதழும் வாங்கியாயிற்று. கொஞ்சங்கூடக் கூசவில்லை. வீட்டை வாங்க இன்று ஆள் வருகிறது.

பூட்டைத் திறந்தான்.

நாற்றம் முகத்தில் அறைந்தது. எலி செத்திருக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனான். ஜன்னல்கள் சாத்தியிருந்ததால் கூடம் இருண்டு கிடந்தது. ஈக்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

கனகாவின் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்.

"யாருய்யா அது?"

"வா மகனே. எம்புட்டு நாளாக் காத்துக் கெடக்கேன்."

முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல்தான் இருந்தது. பெரியப்பாவுக்கு முகம் எப்படி இருக்குமென்று இவன் யோசித்திருந்தால்தானே! நீட்டிய கையில் கட்டைவிரல் இல்லை. அங்கே ஒரு கால் பெருவிரல் முளைத்திருந்தது, மஞ்சளித்த நகமும் இடுக்கில் அழுக்குமாக.

அது இவனுடைய பெருவிரல்.

அந்த விரல் இவன் கன்னத்தைத் தடவியது. பிசுபிசுவென்று ஒட்டியது.

"வாரிசுன்னு எழுதிக்கிட்ட. என்னையச் சாகவும் வச்சுட்ட. கொள்ளி வைக்காமப் போட்டுட்டியேடா? ஒடம்பு அழுகுதுப்பா."

முத்துக்குமரன் வாந்தியெடுத்துக்கொண்டே தெருவுக்கு ஓடிவந்தான். அங்கேயே நின்று கனகாவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, வீடு உங்க வீடுதேன். எங்கிட்ட இருக்குற பத்திரம் பூராம் போர்ஜரி. எங்க வேணாலும் வந்து எழுதிக் குடுக்குறேன்."

கனகாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், "த்தூ! நீயெல்லாம் மனுசனாடா?" என்று காறித் துப்பினாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்பினான். வந்தவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டான். கனகாவின் வீடு தப்பித்தது.

பீடை விட்டது என்று செல்லூரிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பினான். மனைவி செல்லக்கிளி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஒங்களுக்கு ஒரு பெரியப்பா இருக்காகன்னு ஒரு வார்த்தை சொன்னீகளா?" என்று கிசுகிசுத்தாள். "பாவம், ஒடம்பெல்லாம் புண்ணு. மூஞ்சியத் துண்டால மூடிக்கிட்டே இருக்காக. குளிக்கணும்னாக, வெந்நி வச்சுக் குடுத்துருக்கேன்."

உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் நின்றது.

"முத்து, வந்து குளிப்பாட்டி விடுப்பா. தூக்குறதுக்கு நேரமாச்சு."