இசைத் துறைக்குப் பூஜ்யம்

'வீல்' என்று ஓர் அலறல்!

அலறியது நெலிதா. பல்கலைக்கழகத்தின் இசைத் துறைத் தலைவி. அந்தத் துறையின் ஒரே ஆசிரியையும் அவள்தான்.

பட்ஜெட் கமிட்டி அறையில் ஐந்து நாற்காலிகள். ஒன்றில் மட்டும் ஆள்... திட்ட அதிகாரி எவரிஸ்தோ. மேஜையில் தலை சாய்த்து, உயிர் இல்லாமல்.

எதிரே கம்ப்யூட்டர். துறைகளுக்குப் பணத்தைப் பங்கு பிரிக்கும் சாஃப்ட்வேர் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

இன்ஜினியரிங்குக்கு முக்கால் பங்கு. இசைக்கு... பூஜ்யம்!

இன்ஸ்பெக்டர் ஓலாசாபல் வந்தாள். டாக்டர் அவள் காதில் ஏதோ சொன்னார்.

"விஷம். அவர் சாப்பிட்ட பிஸ்கட்ல. யார் கொண்டுவந்தது?" ஓலாசாபல் கேட்டாள்.

"நான்தான்... காலையில குடுத்துட்டுப் போனேன்." என்றாள் நெலிதா.

"துறை போச்சுங்கற ஆத்திரம், மேடம்." சொன்னவர் இன்ஜினியரிங் டீன் எச்செனிகே. பந்திக்கு முந்துகிற ஆசாமி. "ஆனா முடிவு கமிட்டியோடது. 'இது முக்கியமா, அது முக்கியமா'ன்னு சாஃப்ட்வேர் கேக்கும். நாங்க அஞ்சு பேரும் பதில் போட்டோம். அது கூட்டிக் கழிச்சுப் பங்கு போட்டுது."

கான்ஸ்டபிள் விலங்கோடு நெலிதாவை நெருங்கினார்.

"கமிட்டிக்கு யார் வந்தா?" நெலிதா சீறினாள். "பல வருஷமா ஒருத்தரும் எட்டிப் பாக்கல. அந்த மனுஷன் நாற்காலி மாறி மாறி உக்காந்து, அஞ்சு பேரா தனக்குத்தானே சண்டை போட்டுப் பதில் போடுவாரு. ஒரு நாற்காலி எப்பவும் என் பக்கம் பேசும். சொல்லிச் சிரிப்பாரு... எனக்கு அழுகை வரும்."

ஓலாசாபல் திரையைப் பார்த்தாள். ஐந்து பேர் பதிலும் அச்சு அசலாக ஒன்றே.

"நம்ம உருகுவேல அஞ்சு பேர் கூடினா, மாத்தே டீ கசப்பா இனிப்பாங்கறதுலயே ஒத்துப்போக மாட்டோமே..."

மேஜையில் மாத்தே இலைப் பொட்டலம் ஒன்று. எடுத்தாள். குடுவையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றினாள். ஊற்றுகிறவர்தான் முதலில் குடிக்க வேண்டும், அது ஊர் வழக்கம். குடித்தாள்.

டீனின் முகம் வெளுத்தது.

மறுபடி ஊற்றி நீட்டினாள். "குடிங்க, டீன் சார்."

"கி... கிராசியாஸ்."

நன்றி! குடுவையை நீட்டும்போது அதற்கு ஒரே அர்த்தம்தான். 'போதும், இனி ஊற்றாதே.'

"ஒரு வாய்கூடக் குடிக்காம போதும்ங்கற உருகுவேக்காரரை இப்பத்தான் பாக்கறேன். பிஸ்கட் நான் விட்ட கதை. விஷம் இலையில. ஊத்தறவர் முதல்ல குடிப்பாருன்னு தெரிஞ்சு, அவருக்குப் பொட்டலம் கொண்டுவந்து குடுத்தீங்க. அவர் சாஞ்சதும் அஞ்சு பேர் பதிலையும் நீங்களே தட்டிட்டீங்க."

"அப்போ... நீங்க குடிச்சது?"

"எங்க வீட்டு இலை. டாக்டர் காதுல சொன்னதுமே மாத்தி வெச்சுட்டேன். உங்க பொட்டலம் என் பையில பத்திரமா இருக்கு."

நெலிதா காலி நாற்காலிகளைப் பார்த்தாள். "கடைசில ஒருத்தர் வந்துட்டாரேன்னு சந்தோஷமா ஊத்தியிருப்பாரு..." அந்தக் கட்டிடத்தில் அவளோடு பேச இனி ஆளில்லை.

கான்ஸ்டபிளிடமிருந்து விலங்கை வாங்கி டீனிடம் நீட்டினாள் ஓலாசாபல்.

"எங்க, இதுக்கும் ஒரு கிராசியாஸ் சொல்லுங்க பாப்போம்."