ரோலருக்கு அடங்காத மேடு

ரோலர் கடந்து போன இடத்தில் தரை மறுபடி எழும்பியிருந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த அளவுக்கு மேடு. விமான ஓடுபாதைக்காக நொறுக்கிய பவளக்கல்லில் கடல் தண்ணீரைத் தெளித்து அழுத்தினால் சிமெண்டைப் போல இறுகிவிடும், இறுகியது தானாக எழும்பாது என்று லெஃப்டினன்ட் ஹார்லன் க்ரோலுக்குத் தெரியும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உள்ள நல்ல சாலைகளெல்லாம் தான் போட்டவை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் அவன். எங்கே எது கெட்டாலும் பழி கீழே வேலை செய்கிறவன் தலையில்தான் விழும்.

"டேய் பைக், வண்டி ஓட்டுறியா, மேல உக்காந்து தூங்குறியா?"

ரோலரின் மேலிருந்த சிப்பாய் டெல்மர் பைக் வியர்வையைத் துடைத்தான். "நாலஞ்சு தடவ ஏத்திட்டேன் சார். ஏறுறப்ப அமுங்குது. திரும்பிப் பாத்தா எந்திரிச்சு நிக்குது."

"உன்ன மாதிரி ஆளுங்கள வச்சு ஒரு கோழிக்கூடுகூடக் கட்ட முடியாது."

"அடியில அந்தக் குகை இருக்கு சார்."

க்ரோல் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை அது.

ஜப்பானிடமிருந்து தீவைப் பிடித்த கையோடு ஓடுபாதைக்காகப் பாறையை வெட்டியபோது திறந்துகொண்ட குகை அது. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. ஜப்பான்காரர்களின் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள், சண்டைக்குப் பயந்து குழந்தை குட்டிகளோடு ஒளிந்திருந்தார்கள். அவர்களுடைய மொழி தெரிந்த ஒரே ஆள், ஒளிந்திருப்பவர்களை வெளியே கூப்பிட ஒலிபெருக்கியோடு தீவின் மறுமுனைக்குப் போயிருந்தான். சாயங்காலம் வந்துவிடுவான் என்றார்கள். க்ரோல் சாயங்காலம்வரை பொறுக்கவில்லை. "எலி வளைய அடைக்க எலிகிட்ட கேக்கணுமா?" என்றான். புல்டோசர் குகை வாயில் மண்ணைத் தள்ளி மூடியது. ஓட்டியவன் பைக். அந்த இடத்துக்கு மேல்தான் இப்போது ஓடுபாதையின் மேற்கு முனை வெள்ளைவெளேரென்று கிடக்கிறது.

"இறங்கு" என்றான் க்ரோல். "பொழுது சாயறதுக்குள்ள முதல் விமானம் இறங்குது. ஜெனரலே வந்து நிக்கப்போறாரு. உன் பயத்த அவருக்கு நான் காட்டணுமா?"

பைக் இறங்கினான். க்ரோல் ஏறி உட்கார்ந்தான். மதியம் பெய்த மழையின் ஈரம் வெயிலில் ஆவியாகிக் கொண்டிருக்க, கருகிய கரும்புத் தோகையின் இனிப்பு வாடையும் டீசல் புகையும் கடலின் உப்பும் ஒன்றாய்க் கலந்து தொண்டையில் ஒட்ட, இரும்பு உருளை பவளக்கல்லை நறநறவென்று அரைத்துக்கொண்டு மேட்டின் மேல் ஏறியபோது, அந்த நறநறப்புக்கு அடியில், ஒரு கணம் பிந்தி, இன்னொரு சத்தம் கேட்பதை அவன் கவனித்தான். எதிரொலி என்று நினைத்தான். வெட்டவெளியில் எதிரொலி ஏது என்று உடனே தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே கேவலமாக நினைத்தான்.

இன்ஜின் இருமியது. நின்றுவிட்டது.

அடியிலிருந்த சத்தம் நிற்கவில்லை.

டொக். டொக். பல இடங்களில். பொறுமையாக. பாறையை உள்ளிருந்து கொத்துகிற சத்தம்.

"சார்," பைக் நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டான். "அது மேல நிக்காதீங்க. வந்துருங்க சார்."

"ஜெனரேட்டர் சத்தம்டா, முட்டாள்."

"ஜெனரேட்டர நிறுத்தி ரொம்ப நேரமாச்சு சார்."

க்ரோல் கீழே குதித்தான். உருளையின் அடியிலிருந்து மேடு வெளியே நகர்ந்து வந்திருந்தது. இப்போது அதன் உச்சியில் ஒரு துளை. காசு நுழையும் அளவு.

மண்டியிட்டான். குனிந்தான்.

துளையைச் சுற்றியிருந்த வெள்ளைத் தூசி மெல்ல அசைந்தது. துளையை நோக்கி ஊர்ந்தது. உள்ளே போனது. காற்று இல்லை. ஒரு புல்கூட ஆடவில்லை. தூசி மட்டும் உள்ளே போனது.

பிறகு வெளியே வந்தது. வெதுவெதுப்பாக. அவன் முகத்தில்.

பின்னால் காலடிச் சத்தம். பைக் ஓடுகிறான். கூப்பிட வாயெடுத்தான் க்ரோல். அவனிடம் போய்க் கெஞ்சுவதா? கூப்பிடவில்லை. மேற்கே, கடலுக்கு மேல், விமானத்தின் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜெனரலின் ஜீப் வந்து நிற்கும். ஒரு துளை. ஒரு பொத்தல். அடைத்தால் தீர்ந்தது.

உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

சில்லிப்பு. ஈரம். பிறகு உள்ளங்கையின் நடுவில், மிக மென்மையாக, உதடுகள் பட்டன. ஏதோ சொல்ல அசைந்தன. அவனுக்குத் தெரியாத மொழி.

கையை இழுத்தான். வரவில்லை.

தலையை நிமிர்த்தினான். எதிரே ஓடுபாதை நீளநெடுக வெள்ளையாகக் கிடந்தது. சாய்ந்த வெயிலில் அதன்மேல் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன நிழல்கள். ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று. ஒவ்வொன்றின் உச்சியிலும் தூசி, ஒரே நேரத்தில், உள்ளே இறங்கியது. நின்றது. விமானம் சக்கரங்களைக் கீழே நீட்டிக்கொண்டு தாழ்ந்து வர, ஓடுபாதை முழுவதும் ஒரே மூச்சை வெளியே விட்டது.