மூன்றாவது லேன்

போன் அலறியது!

எலுமிச்சை மரத்தின் மேலிருந்தபடியே விதுரன் எடுத்தான். அழைத்தவன் பவுல். ரோட்டு வேலையில் கூலிக்கு நிற்பவன்.

"அண்ணை, ஆட்டோஸ்ட்ராடா பெருந்தெருவை அகலிக்கப் போறாங்கள். மூண்டாவது லேன்!"

"நல்லதுதானே. பலெர்மோவுக்குள்ளை போறதுக்கிடையிலை சீவன் போகுது."

"லேன் உங்கடை முதலாளியம்மா சிஞ்ஞோராவின்ரை தோட்டத்துக்குள்ளாலைதான் வருது. கடல் பக்கம். முதல் வரிசை மரமெல்லாம் போகும்!"

விதுரன் மரத்திலிருந்து இறங்கவில்லை.

விழுந்தான்!

விழுந்த இடத்துக்கு நேர் கீழேதான் கீர்த்திகன் கிடந்தான். வருஷக்கணக்காக...

கீர்த்திகன், சாந்தினியின் புருஷன். ஒரு மத்தியானம் விதுரன் அவன் மண்டையில் மண்வெட்டியால் ஒரே போடு போட்டான். கீர்த்திகன் தண்ணீர் கேட்டான். சாந்தினி போத்தலை மூடி வைத்தாள்.

'அவர் லண்டனுக்குப் போட்டார்' என்று ஊரெல்லாம் சொன்னாள். பலெர்மோத் தமிழரில் பாதிப்பேர் அப்படிப் போனவர்கள்தான். யார் மறுகேள்வி கேட்பார்கள்? பிரான்காச்சோவில் வீடெடுத்து விதுரனோடு குடும்பம் நடத்தினாள்.

"எலும்பைக் கிண்டி எடுத்தால் என்ன?" போன் வந்த அன்று இரவு சாந்தினி கேட்டாள்.

"என்னாலை ஏலாது! அவனைத் திரும்பப் பாக்கவே மாட்டன். நான் ரோட்டையே நிப்பாட்டுறன் பார்!"

புறப்பட்டான் விதுரன். சீசாப் பகுதியில், மரங்களை வெட்டக்கூடாதென்று கடை கடையாகக் கையெழுத்து வாங்கினான். சிஞ்ஞோராவின் காலடியில் இருந்து அழுதான்.

"விசரோ தம்பி உமக்கு? நாங்கள் நாள்தோறும் ட்ராஃபிக்கிலை காயிறம். அகலிக்க விடுமன்!" என்று சீறினாள் விமலராணி. மொண்டெல்லோவுக்கு வேலைக்குப் போய் வருகிறவள்.

"மரமும் ஒரு உயிர்தானே அக்கா!" என்றான் கொலைகாரன். கண்ணீரோடு!

சில மாதங்கள் போயின.

ஒரு மாலை, வைன் போத்தலோடு துள்ளிக்கொண்டு வந்தான்.

"வெண்டிட்டன் சாந்தினி! ரோட்டுக் கூட்டத்திலை கதைச்சுக் கதைச்சே லேனை மலைப் பக்கம் மாத்திப் போட்டன். ரோட்டுக்கு மற்றப் பக்கம்! எங்கடை மரத்திலை ஒரு இலையும் விழாது!"

சாந்தினியின் அகப்பை சட்டிக்குள் நின்றது.

"மலைப் பக்கமோ?"

"ஓம்! இண்டைக்கு மெஷினும் இறங்கீட்டுது. கண்ணாலை பாத்திட்டுச் சொல்லுவமெண்டு இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன்!"

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேயப்பா..."

"ஏன்?"

"ஆளை நான் அங்கை மாத்திப் போட்டன்."

விதுரனின் கையிலிருந்த போத்தல் தரையில் சிதறியது.

"எ... எப்ப?"

"நீங்கள் கையெழுத்து வாங்கப் போன நேரம். வெறும் எலும்புதானே. ஒரு சாக்கு. ரோட்டுக்கு அடியாலை போற பாதையாலை தள்ளுவண்டிலிலை கொண்டுபோனன்."

"ஐயோ... யாற்ரை எலும்பெண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியப்போகுது!"

"உங்கடை மண்வெட்டியையும் பக்கத்திலை தாட்டனான்."

மற்ற வேலைக்காரர் களவெடுக்காமலிருக்க, விதுரன் தன் பெயரைப் பிடியில் வெட்டி வைத்திருந்த மண்வெட்டி!

"எடி பாவி! ஏன்டி?"

"ஒரு கொலைகாரனோடை படுத்தெழும்பிறன். எனக்கும் ஒரு பிடி வேணாமே?"

போன் அலறியது!

"அண்ணை..." பவுல்தான். "மெஷின் ஒரு மண்டையோட்டைக் கிளப்பிப் போட்டுது. மண்வெட்டியும் வந்தது. பேர் தமிழிலை கிடந்தது. வாசிச்சுச் சொல்லெண்டு பொலிஸ் கேட்டாங்கள்..."

"நீ என்னடா சொன்னனீ?"

"வாசிச்சுப் போட்டன் அண்ணை. உங்கடை வீட்டுக்குத்தான் வெளிக்கிட்டிட்டாங்கள்!"

விதுரன் சுவரோடு சரிந்தான். சாந்தினி அவன் முன்னால் சோற்றுக் கோப்பையை வைத்தாள். குழம்பை ஊற்றினாள்.

"அந்தரப்படாதேங்கோ. அவங்களும் அந்த ரோட்டாலைதானே வரவேணும்? இப்பவும் ரெண்டு லேன்தான்... ஆறுதலாச் சாப்பிடுங்கோ!"