ஓடை வெளுத்த காலை

ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு ஊரே தேவாலயத்தில் கூடியிருந்தது. ஆனால் ஆர்கன் வாசிக்க ஆள் இல்லை!

“மிஸ் ஹெஸ்டர் எங்கே?” என்று பாதிரியார் வாசலுக்கு வந்து கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

ஹேசல்டேல், வட இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சின்னக் கிராமம். தேவாலயத்துக்கு எதிரே ஊரின் ஒரே கடை. அதை நடத்துபவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களுடைய மகள் ஆரணிக்குப் பன்னிரண்டு வயது. காணாமல் போன தபால்பெட்டிச் சாவியைக் காக்கைக் கூட்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததும், விருந்துக்கு வைத்திருந்த கேக்கைத் தின்றது யார் என்று துப்பறிந்து சொன்னதும் அவள்தான். கூட்டத்தைக் கண்டதும் கடையிலிருந்து ஓடி வந்தாள்.

“இதற்கு ஏன் இத்தனை கலவரம்?” என்றார் அப்போது அங்கே வந்து சேர்ந்த கான்ஸ்டபிள் ஹிக்ஸ். “அக்காவைப் பார்க்க யார்க் நகரத்துக்குப் போவதாக அவரே சொன்னார். வீட்டில் பெட்டியும் இல்லை. இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன்.”

ஆரணிக்கு அது சரியாகப் படவில்லை. “சார், வெள்ளிக்கிழமை அவங்க எங்க கடையில தலையில மாட்டுற விளக்குக்கு பேட்டரி வாங்கினாங்க. கூடவே கயிறும் சாக்லேட்டும். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அக்கா வீட்டுக்குப் போறவங்களுக்குத் தலைவிளக்கு எதுக்கு?”

“மறுபடியும் அந்த மணியைத் தேடிப் போயிருப்பாளோ?” என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. இங்கிலாந்தின் பழைய உள்நாட்டுப் போரில் படைவீரர்கள் பீரங்கி செய்ய உருக்கிவிடக் கூடாதென்று ஊர்க்காரர்கள் தேவாலய மணியைக் குன்றில் ஒளித்து வைத்ததாக ஒரு கதை உண்டு. அதை உண்மையென்று நம்பியவர் மிஸ் ஹெஸ்டர் ஒருவர்தான்.

“அக்கா வீட்டுக்கு ஃபோன் போட்டுப் பார்க்கிறேன். நீ கடைக்குப் போம்மா” என்றார் ஹிக்ஸ்.

ஆரணி கடைக்குப் போகவில்லை. கூட்டத்திலிருந்த தோழி டில்லியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனாள். டில்லி, செம்மறிப் பண்ணைக்காரரின் மகள். ஆரணியைவிட ஒரு தலை உயரம், நல்ல பலசாலி.

“ஓடையைப் பார்!”

டில்லி எட்டிப் பார்த்தாள். எப்போதும் கண்ணாடி போல் ஓடும் தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. ஓட்டமும் பாதியாகக் குறைந்திருந்தது.

“மழையே இல்லையே! எப்படிக் கலங்கிச்சு?” என்றாள் டில்லி.

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன். இந்தத் தண்ணி குன்று மேலே இருக்கிற வாத்துக் குகைக்குள்ளிருந்து வருது. உள்ளே சுண்ணாம்பு மண் சரிஞ்சிருக்கணும். தண்ணி குறைஞ்சிருக்குன்னா, சரிஞ்ச மண் வழியை அடைச்சிருக்கு. அப்போ மீதித் தண்ணி எங்கே போகுது?”

டில்லியின் முகம் மாறியது. “உள்ளேயே ஏறுது! மிஸ் ஹெஸ்டர் மணியைத் தேடி அங்கே போயிருந்தா...?”

ஆரணி கடைக்குப் பறந்தாள். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். அம்மா முழுவதையும் கேட்டாள். பிறகு தொலைபேசியைக் கையில் எடுத்தாள்.

“மலை மீட்புக்காரருக்கு நான் இப்பவே சொல்லுறன். அவை டவுனில இருந்து வர நேரம் எடுக்கும். நீ வாசலில நிண்டு கூப்பிட்டுப் பார். உள்ளுக்கு மட்டும் போகாத, விளங்குதோ?”

“ஓமம்மா.”

டில்லி பண்ணையிலிருந்து மண்வெட்டியும் கயிறும் விளக்குகளும் கொண்டுவந்தாள். இருவரும் ஓடைக்கரையோடு மூச்சிரைக்க மேலே ஏறினார்கள். குகை வாசலின் பெரணிச் செடிகளுக்குள் பழுப்பு நிறப் பெட்டி ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. திறந்தால் காய்ந்த உடுப்பும் ஒரு துவாலையும்!

“மிஸ் ஹெஸ்டர்!” என்று ஆரணி கத்தினாள்.

டக்... டக்... டக். உள்ளே யாரோ கல்லில் கல்லைத் தட்டினார்கள். பிறகு மெலிதாக ஒரு குரல். “சீக்கிரம்... தண்ணி கழுத்துக்கு வந்திடுச்சு...”

ஆரணி பாதையைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை நெஞ்சை அழுத்தியது. ஆனால் கழுத்துக்கு வந்த தண்ணீர் காத்திருக்குமா?

“கயிற்றை நம்ம ரெண்டு பேர் இடுப்பிலும் கட்டு. இன்னொரு முனையை அந்தப் பாறையில் கட்டு” என்றாள். குனிந்து உள்ளே நுழைந்தார்கள்.

வளைவு தாண்டியதுமே அந்தச் சரிவு தெரிந்தது. கல்லும் களிமண்ணும் சுவர் போலக் குவிந்து வழியை அடைத்திருந்தன. அதன் மேல்விளிம்பில் எட்டிப் பார்த்தாள் ஆரணி. அந்தப் பக்கம் கறுப்பாய் ஒரு குளம். தூரத்தில், விளக்கு வெளிச்சத்தில், தாடை வரை மூழ்கிய மிஸ் ஹெஸ்டரின் முகம்!

“கயிறு வீசவா?” என்றாள் டில்லி.

“வேணாம்... கால் கல்லுக்கடியில் மாட்டியிருக்கு” என்றார் மிஸ் ஹெஸ்டர். பற்கள் கிடுகிடுவென அடித்தன.

“அப்போ தண்ணியைத்தான் வெளியேத்தணும்!” ஆரணி சுவரின் நடுவில் மண்வெட்டியை ஓங்கினாள்.

“நிறுத்து!” டில்லி அவள் கையைப் பிடித்தாள். “நடுவில வெட்டினா மொத்தமும் நம்ம மேல வரும். பட்டியில தண்ணி தேங்கினா அப்பா ஓரமாத்தான் வெட்டுவார். சின்னதா வழி விட்டா மீதியைத் தண்ணியே அறுத்துக்கும்.”

ஆரணி மண்வெட்டியை இறக்கினாள். பாறையை ஒட்டிய ஓரத்தில் இருவரும் மாறி மாறி வெட்டினார்கள். கைகளில் கொப்புளம் எழும்பியது. முதலில் விரல் தடிமனுக்கு நீர் கசிந்தது. பிறகு கை தடிமன். திடீரென்று மண் பொத்தென்று பெயர்ந்தது!

“மேலே ஏறு!” டில்லி பாறைத் திட்டில் தாவினாள். ஆரணியும் தாவினாள். ஆனால் கால் வழுக்கிவிட்டது! வெள்ளம் அவளை வாரிச் சுருட்டியது. வாயிலும் மூக்கிலும் சுண்ணாம்புத் தண்ணீர். இடுப்புக் கயிறு விண்ணென்று இறுகியது. டில்லி கால்களைப் பாறையில் ஊன்றி, பல்லைக் கடித்து, கயிற்றை இழுத்தாள். ஆரணி இருமிக்கொண்டே திட்டில் வந்து விழுந்தாள்.

கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கியது. குளம் முழங்கால் அளவுக்கு வடிந்திருந்தது.

இருவரும் சரிவைத் தாண்டி மிஸ் ஹெஸ்டரிடம் போனார்கள். காலின் மேல் கிடந்த கல் அசைய மறுத்தது. டில்லி வெளியே ஓடிப் பெட்டியை எடுத்து வந்தாள். காய்ந்த உடுப்பை அவர் தோளில் சுற்றி, இரண்டு பக்கமும் நெருங்கி உட்கார்ந்து சூடு கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வளைவில் வெளிச்சங்கள் ஆடின. மீட்புக்குழு! அவர்களுக்குப் பின்னால், தொப்பை பாறையில் உரச, கான்ஸ்டபிள் ஹிக்ஸ் தவழ்ந்து வந்தார்.

“அந்தம்மா யார்க் பக்கமே வரலைன்னு அவங்க அக்கா சொன்னாங்க” என்றார் மூச்சு வாங்க. “உன் பேச்சை முதலிலேயே கேட்டிருக்கணும்.”

மீட்புக்காரர்கள் கடப்பாரையால் கல்லை நெம்பியபோது மிஸ் ஹெஸ்டர் வலியில் கத்தவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளம் அரித்த களிமண்ணில் பச்சை பூத்த வெண்கல விளிம்பு ஒன்று வளைவாகத் தெரிந்தது.

“மணி!” என்றார். அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். நனைந்து வெளுத்துப் போயிருந்த மகளைக் கண்டதும் இறுக அணைத்தாள். பிறகு தள்ளிப் பிடித்துக்கொண்டு, “வாசலில நில் எண்டு சொன்னனான் எல்லோ? உனக்கு ஏதும் நடந்திருந்தா?” என்று பொரிந்து தள்ளினாள்.

ஆரணி சாக்குச் சொல்லவில்லை. “பிழைதான் அம்மா” என்றாள்.

அந்த வாரமே ஊர்க்காரர்கள் டிராக்டரும் கயிறுமாகத் திரண்டு மணியை வெளியே இழுத்து வந்தார்கள். ஆரணியையும் டில்லியையும் டிராக்டரில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். தெருவெல்லாம் ஆரவாரம்!

ஊர்வலம் முடிந்ததும் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். மிஸ் ஹெஸ்டர் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தார். கான்ஸ்டபிள் ஹிக்ஸ் கட்டில் ஓரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு கேட்கணும்” என்றாள் ஆரணி. “எதுக்கு யார்க் போறதா பொய் சொன்னீங்க?”

மிஸ் ஹெஸ்டர் போர்வையை நீவினார். “மணியைத் தேடப் போறேன்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. அதான்.”

“சிரிப்பாங்கதான்” என்றாள் ஆரணி. “ஆனா எங்கே போனீங்கன்னு தெரிஞ்சிருந்தா, அந்தச் சிரிச்சவங்களே நீங்க திரும்பி வராத அன்னைக்கு ராத்திரியே தேடி வந்திருப்பாங்க.”

ஹிக்ஸ் தலை நிமிரவில்லை. உரித்த ஆரஞ்சை மிஸ் ஹெஸ்டரின் கையில் வைத்தார்.

“ஆமாம்” என்றார். “வந்திருப்போம்.”