அவனுடைய இடது பக்கம்

“கண்ணு தெரியல?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அவன் கையிலிருந்த டீ முழுவதும் அறிவுமதியின் வெள்ளைத் துப்பட்டாவில்...

கண் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவு வாசலில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா இது? உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த நர்ஸ், “சண்டை வேணாம். ரெண்டு பேருக்குமே சரியா தெரியாது. உள்ள வாங்க” என்றாள்.

அறிவுமதிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

சாரம் பகுதியில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவள் அவள். விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வரும் நோய். நேரே இருப்பது தெரியும், சுற்றிலும் தெரியாது. சாயங்காலம் ஆகிவிட்டால் அதுவும் இல்லை. காலடியில் உட்கார்ந்திருந்த குழந்தையின் கையை மிதித்த அன்றே வேலையை விட்டுவிட்டாள். அதே நோயில் அண்ணன் முகிலனுக்கு மொத்தப் பார்வையும் போய்விட்டது. தனக்கு என்ன வரப்போகிறது என்பதைத் தினமும் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ ஊற்றியவன் பெயர் செம்மல். உப்பளம் ஏரியாக்காரன். தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். பைக்கிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடி. கண்ணில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் மூளையில் பார்வைக்கான இடத்தில் பாதி போய்விட்டது. எந்தக் கண்ணால் பார்த்தாலும் இடது பக்கம் என்பதே அவனுக்குக் கிடையாது.

மூளையால் பார்வை இழந்தவர்களும் கண்ணால் இழந்தவர்களும் எப்படி நடக்கிறார்கள், எப்படித் தேடுகிறார்கள் என்பதுதான் டாக்டர் சரிதாவின் ஆராய்ச்சி. “இது வைத்தியம் இல்லம்மா. உங்களுக்குப் பார்வை வராது. பின்னால வர்றவங்களுக்கு உதவும்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மோவாயைத் தாங்கியில் வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் வெளிச்சம் மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். அறிவுமதியின் விரல் பெரும்பாலும் சும்மாவே இருந்தது.

வெளியே பெஞ்சில் அவன் காத்திருந்தான். அவளைப் பார்த்தான். இல்லை... அவள் காதைப் பார்த்தான்.

“இன்னாங்க, என் காதையே பாக்கறீங்க?”

“உங்க மூக்கைப் பாத்தா பாதி மூஞ்சிதான் வருது. வலது காதைப் பாத்தாதான் முழுசா வரும்.”

“முழுசா எதுக்கு வரணும்?”

“டீ ஊத்துனவன் ஒழுங்கா சாரி கேக்கணுமில்ல...”

குரலில் சிரிப்பு இருந்தது. அவளுக்கு அவன் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. பெரிய, எப்போதும் ஈரம் கட்டியது போன்ற கண்கள்...

“சிரிக்கிறீங்களா?”

“வாயைப் பாருங்க, தெரியும்.”

“வாயைப் பாத்தா கண்ணு போயிடுமே...”

சொன்ன பிறகுதான் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை ஜிமிக்கி போட்டுக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமைகள் தொடர்ந்தன. ஒருநாள் வைத்திக்குப்பம் கடற்கரை வரை நடந்தார்கள். அவளுக்கு ஒரு நேரத்தில் ஒரு படகுதான் தெரிந்தது. அவனுக்குக் கரையின் வலது பாதி. வீட்டார் எல்லோரும் அவன் கண்ணில் படும்படி வலது பக்கமே வருவார்கள் என்று சொல்லியிருந்ததால் அவளும் வலது பக்கமே நடந்தாள்.

ஆராய்ச்சியின் கடைசி வியாழக்கிழமை பிடித்துக்கொண்டது மழை. டாக்டர் சரிதா அவளிடம் எதையும் மறைக்கவில்லை. அறையை விட்டு வெளியே வந்தபோது அழ ஓர் ஆள் வேண்டும் போலிருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு அவன் பெஞ்சுக்கு வந்தாள்... அவசரத்தில் அவன் இடது பக்கம் வந்து நின்றுவிட்டாள்.

அவனுக்கு வலப்புறம் அவன் அண்ணி பாக்கியலட்சுமி உட்கார்ந்திருந்தாள். வெளியே பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தாள்.

“அவங்கம்மா தாய்மாமனையே கட்டிக்கிட்டதால வந்த நோவாமே! அண்ணனுக்கும் பார்வை இல்ல, தங்கச்சிக்கும் இல்ல. நாளைக்குப் பொறக்கிற புள்ளைக்கும் வந்தா?”

“எனக்கென்ன தலையெழுத்தா அண்ணி?” என்றான் செம்மல். “நானே பாதி ஆளு. அவள வேற எங்க இழுத்துட்டுத் திரியறது?”

கை நீட்டினால் அவன் தோள். அவள் நீட்டவில்லை. திரும்பி மழையில் இறங்கினாள்.

அப்போதுதான் அண்ணி திரும்பினாள். போகிறவளைப் பார்த்தாள். “செம்மல்... அந்தப் பொண்ணு இங்கதான் நின்னுட்டு இருந்துது.”

மழை இருட்டில் அறிவுமதிக்கு எதுவும் தெரியவில்லை. வாசல் படி தவறி முழங்காலில் விழுந்தாள். இரும்பு கேட்டைப் பிடித்து எழுந்து நின்றபோது பின்னால் அவன் குரல் கேட்டது.

“அறிவு!”

“வராதீங்க. என்னை யாரும் இழுத்துட்டுத் திரிய வேணாம்.”

“கேட்டுட்டியா...”

“பக்கத்துலதான் நின்னேன். உங்க இடது பக்கம்.”

அவன் படியிறங்கி மழைக்குள் அவளருகே வந்தான்.

“பயத்துல சொன்னேன்” என்றான். “பஸ்ஸும் போச்சு, வேலையும் போச்சு. உன்ன கேட்டு, நீ முடியாதுன்னுட்டா... அதான் நானே முந்திக்கிட்டேன்.”

“டாக்டர் இன்னா சொன்னாங்க தெரியுமா? அஞ்சாறு வருஷந்தான். அப்புறம் நானும் முகிலன் மாதிரிதான். புள்ளைக்கு வர்றது கம்மின்னாங்க... வரவே வராதுன்னு சொல்லல. பயமா இல்ல உங்களுக்கு?”

“பயமாத்தான் இருக்கு.”

பொய் சொல்லவில்லை அவன். இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் போயே இருப்பாள்.

“எல்லாரும் வலது பக்கமே வர்றாங்க அறிவு. இடது பக்கம் இருட்டு கூட இல்ல, ஒண்ணுமே இல்ல. எப்ப எது வந்து மோதும்னு பயந்துகிட்டே நடக்கறேன். எனக்கு உன்ன புடிச்சிருக்கு. ரொம்ப... நீ அந்தப் பக்கம் வந்துடேன். பாக்க முடியலன்னாலும் பரவால்ல. நீ இருக்கேன்னு தெரிஞ்சா போதும்.”

குடையோடு ஓடிவந்த அண்ணி கேட்டருகே நின்றுவிட்டாள்.

அறிவுமதி அழுதாள். அழுதுகொண்டே காற்றில் கையைத் துழாவி அவன் தோளைத் தொட்டு, சுற்றிக்கொண்டு வந்து, இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு அவள் தெரியவில்லை. அவளுக்கும் அவன் தெரியவில்லை.

“இருக்கியா?”

“இருக்கேன்... எனக்கும் உங்கள புடிச்சிருக்கு. மெதுவா நடங்க. முன்னால படி இருக்கான்னு எனக்குத் தெரியாது.”