கடிச்சா கேக்கணும்!

வீட்டில் எல்லோரும் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வயது. ஒன்றை மனத்தில் போட்டுக்கொண்டால் முடிக்காமல் விடமாட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மனத்தில் போட்டுக்கொண்டது இதுதான்: அப்பா இன்றைக்கு ஒரு வாயாவது ரசித்துச் சாப்பிட வேண்டும்.

அப்பா வண்டி மெக்கானிக். போன மாதம் அவருக்கு வந்த காய்ச்சல், போகிற போக்கில் வாசனையையும் ருசியையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. "கொஞ்ச நாள்ல திரும்பி வரும், பொறுமையா இருங்க" என்றார் டாக்டர். பொறுமையாகத்தான் இருந்தார் அப்பா. ஆனால் அவருடைய சட்டை நாளுக்கு நாள் தொளதொளவென்று ஆகிக்கொண்டே போனது.

அன்று காலை அப்பா ரொட்டி சாப்பிடுவதை வாண்டு கவனித்தாள். மெத்தென்று இருந்த நடுப்பகுதியை ஒதுக்கிவிட்டு, முறுகலான ஓரத்தை மட்டும் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்ப்பா ஓரத்தை மட்டும் சாப்பிடறீங்க?"

"மத்ததெல்லாம் பஞ்சை மெல்லற மாதிரி இருக்கும்மா. இது கடிச்சா சத்தமாவது கேக்குது."

வாண்டு துள்ளி எழுந்தாள். நேராக அண்ணனின் அறைக்கு ஓடினாள்.

"அண்ணா! பூண்டு போட்டு கோழி இறக்கை பொரிக்கணும். மொறுமொறுன்னு. கடிச்சா அடுத்த தெரு வரைக்கும் கேக்கணும்!"

அண்ணன் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "அப்பாவுக்குத்தான் ருசியே தெரியலையே. யாருக்குப் பொரிக்கப்போற?"

"ருசி தெரியாது. சத்தம் தெரியுமில்ல?"

அண்ணன் போர்வையை உதறிவிட்டு எழுந்தான்.

அம்மா மருத்துவமனையில் நர்ஸ். வேலைக்குக் கிளம்பும்போது கண்டிப்பாகச் சொன்னாள். "எண்ணெய் பக்கம் அண்ணன்தான் நிக்கணும். நீ தள்ளியே இருக்கணும். சரியா?"

"ஆகட்டும்மா!"

அண்ணன் கடைக்குப் போய் இறக்கைகள் வாங்கி வந்தான். வாண்டு அவற்றைக் கழுவி, சுத்தமான துணியால் ஒவ்வொன்றாக ஒற்றி ஈரத்தை எடுத்தாள். உப்பு, மிளகுத்தூள், அரைத்த பூண்டு எல்லாம் போட்டுப் பிசறி ஊற வைத்தாள். அப்புறம் சோளமாவில் புரட்டினாள். மேலே தூவுவதற்கு இன்னும் நிறையப் பூண்டு வேண்டியிருந்தது. அண்ணன் உரித்து மெல்லிசாக நறுக்கினான். பூண்டுத் தோல் பறந்து பறந்து அவன் தலையில் போய் உட்கார்ந்தது.

"அதுக்குள்ள நரைச்சிடுச்சே!" என்று சிரித்தாள் வாண்டு.

பாதி இறக்கைகளை அண்ணன் முதலில் பொரித்தான். பொன்னிறமாக வந்தன. ஆனால் பூண்டு நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்ததில் அது கரியாகிவிட்டது.

"பரவால்ல, இறக்கை நல்லா இருக்கு" என்று வாண்டு அவற்றைத் தட்டில் அடுக்கினாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். சூடு ஆறிவிடக் கூடாதே என்று அக்கறையாக ஒரு மூடியைப் போட்டு மூடி வைத்தாள்.

அப்பா வந்து உட்கார்ந்ததும் மூடியைத் திறந்தாள். மூடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வழிந்தது. இறக்கையின் மேல்மாவு நனைந்த சட்டை மாதிரி தொங்கியது.

அப்பா ஒன்றை எடுத்துக் கடித்தார். சத்தமே இல்லை.

"நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். ஆனால் மிச்சத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, கை கழுவ எழுந்துவிட்டார்.

வாண்டு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"விடு வாண்டு, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றான் அண்ணன்.

"விடமாட்டேன்."

அவள் மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணா, சூடு ஆறக்கூடாதுன்னு மூடினேன்ல? ஆவி வெளிய போக வழியில்ல. நானே ஊற வச்சிட்டேன்."

"மூடலைன்னா ஆறிடுமே?"

"அப்போ சட்டியிலேர்ந்து நேரா வாய்க்குப் போகணும். அப்பா சமையலறைக்கே வரணும்."

அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். அப்பா சமையலறைக்குள் காலே வைப்பதில்லை. போன வாரம் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகை. பக்கத்து அறையிலேயே உட்கார்ந்திருந்த அப்பாவுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவருக்கு அடுப்பென்றாலே பயம்.

வாண்டு நேராக அப்பா முன்னால் போய் நின்றாள். "அப்பா, சமையலறைக்கு வாங்க."

"நான் எதுக்கும்மா? எது கருகினாலும் எனக்குத் தெரியாது."

"மூக்கு எங்ககிட்ட இருக்கு. நீங்க காதைக் கொண்டு வாங்க. இஞ்சின் சத்தத்தை வச்சே என்ன கோளாறுன்னு சொல்றீங்கல்ல? எண்ணெய் சத்தத்தைக் கேட்டுட்டு எப்போ எடுக்கணும்னு சொல்லுங்க."

அப்பா தலையாட்டி மறுத்தார். வாண்டு நகரவில்லை. கடைசியில் அவர்தான் எழுந்தார்.

அண்ணன் சில இறக்கைகளை எண்ணெயில் விட்டான். சோவென்று மழை கொட்டுவது போலச் சத்தம் எழுந்தது. அப்பா வாசற்படியிலேயே நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எடுக்கலாமாப்பா?"

"பொறுடா. உள்ள இருக்கற ஈரம்தான் இப்படிக் கத்துது." கொஞ்ச நேரத்தில் சத்தம் மெலிந்தது. "ம்... இப்போ எடு."

அடுப்புக்குத் தள்ளி வாண்டு வைத்திருந்த கம்பித் தட்டில் அண்ணன் இறக்கைகளை இடைவெளி விட்டுப் பரப்பினான். இந்தத் தடவை மூடி கிடையாது. அப்பா தன்னையறியாமல் உள்ளே வந்திருந்தார். ஒரு கரண்டியால் இறக்கையைத் தட்டினார். தப் என்றது.

"இன்னும் பதம் வரல. கொஞ்சம் ஆற விட்டு, எண்ணெயை நல்லா காய வச்சு மறுபடியும் போடு."

இரண்டாவது தடவை எடுத்ததும் தட்டினார். டக் என்றது. அப்பாவின் புருவம் உயர்ந்தது.

அடுத்து பூண்டு. வேறொரு சட்டியில் கொஞ்சமாக எண்ணெய் ஊற்றி, சிறு தீயில் வைத்தான் அண்ணன். வாண்டு தள்ளி நின்றே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தாள். பச்சை வாசனை போய், இனிப்பாக ஒரு வாசனை வந்ததும் கத்தினாள். "இப்போ எடுண்ணா! சிவக்கற வரைக்கும் நிக்காத!"

இளம்பொன் நிறத்தில் வந்த பூண்டை இறக்கைகளின் மேல் தூவினார்கள்.

அப்பா நின்றபடியே ஒன்றை எடுத்து ஊதிக் கடித்தார்.

மொறுக்!

அப்பா மென்றார். இன்னொரு கடி. மொறுக்! பல்லில் மாட்டிய பூண்டும் நறுக்கென்று உடைந்தது. அவர் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"வாசனை தெரியுதாப்பா?" என்று ஆவலாகக் கேட்டான் அண்ணன்.

"துளிக்கூட இல்லடா" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போதே அவர் கை அடுத்த இறக்கையை எடுத்துவிட்டது.

அம்மா வீடு திரும்பியபோது தட்டில் எலும்புகள்தான் மிச்சம். "மாடிப்படி பூரா பூண்டு வாசனை தூக்குது! எனக்கு ஒண்ணுகூட வைக்கலையா?"

"மாவுல புரட்டினது இன்னும் இருக்கு. நீ உக்காரு" என்றார் அப்பா. "நானே போட்டுத் தர்றேன்."

அம்மா பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று பார்த்தாள். அப்பா அடுப்பைப் பற்ற வைத்தார். எண்ணெய் காய்ந்தது. அண்ணனை நகரச் சொல்லிவிட்டு அவரே இறக்கைகளை விட்டார், எடுத்தார், தட்டிப் பார்த்தார், மறுபடியும் விட்டார்.

சூடாகத் தட்டு வந்ததும் நான்கு பேரும் ஆளுக்கு ஒன்றை எடுத்துக் கடித்தார்கள். அம்மா வாண்டுவைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

மொறுமொறு சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.